கடிகாரஞ் செய்தவனும் கடவுளும்

சைவப் பாடசாலைகளிற் சமயபாடம் நடத்தும் ஆசிரியன்மார் பலரும், கடவுள் உண்டென்பதை மாணாக்கர்க்கு உணர்த்தப் புகுங்கால், குடத்தையும் குயவனையும் எடுத்துக்காட்டுதல் வழக்கம். குடம் ஒரு காரியம், காரியத்துக்குக் கருத்தா வேண்டும், உலகமும் காரியமே, ஆதலின் அதற்கும் ஒரு கருத்தா உளன். இவ்வளவில் பாடம் முடியும், பிள்ளைகள் தலையசைப்பர், மணியடிக்கும். யாமும் பல்லாண்டு இவ்வாறே நடத்திவந்தோம். இப்பாடத்திற் பொய் யாதுமில்லை. ஆயினும், இதனோடு நிறுத்தப்பட்ட மாணாக்கன் சைவத்தைக் கற்றவனாகான், மேனாட்டார் டீயிசம் எனப் பெயரிட்டழைக்கும் வேறொரு கொள்கையையே கற்றவனாவான் என்பது எமக்குப் புலப்பட்டது 2005-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயாம். அதனைப் புலப்படுத்தியவன் ஒரு சிறுவன்.

2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறை, திருவெம்பாவைக் காலம். காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர்ச் சுமாத்திராவை அடுத்த கடலின்கீழ் நிலம் நடுங்கிற்று. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அலை எம் கரையை அடைந்தது. திருக்கோவில், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை எனத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் கடலோரம் முழுவதும் அழிவுற்றது. இலங்கையின் மாவட்டங்களுள் உயிர்ச்சேதம் மிக்கது அம்பாறையே. இறந்தோர் பதினாயிரத்தின் மேற்பட்டனர். பாடசாலை மீளத் திறந்தபொழுது வகுப்பிற் சில இருக்கைகள் வெறுமையாயிருந்தன. அன்னையை இழந்த மாணாக்கன் ஒருவன் சமயபாட வேளையில் எழுந்து, "சேர், அலை வந்த நேரம் கடவுள் பார்த்துக்கொண்டிருந்தாரா?" என்று வினாவினான்.

யாம் கூறிய விடையை மறைத்தல் தகாது. கடவுள் உலகைப் படைத்து அதற்கு விதிகளை வகுத்தார். கடல் அவ்விதிப்படியே பொங்கிற்று. அதிற் கடவுளைக் குறைகூறுதற்கு இடமில்லை என்றோம். அவன் சிறிது நேரம் நின்றான். பின்னர், "அப்படியானால், சேர், நாங்கள் ஏன் கும்பிடுகிறோம்?" என்றான். எமக்கு வாய் எழவில்லை.

அவ்வினாவுக்கு மூவகை விடைகளே உள்ளன. பார்ப்பதற்கு ஒருவரும் இலர் என்பது நாத்திகம். ஒருவன் உளன், ஆயினும் உலகத்தை இயக்கிவிட்டு வாளாவிருக்கின்றான் என்பது டீயிசம். ஒருவன் உளன், அவன் என்றும் உடனிருக்கின்றான் என்பது ஆத்திகம். டீயிசம் என்னுஞ் சொல் இறைவனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகிய தேயுஸ் என்பதினின்றும் பிறந்தது. ஆத்திகத்துக்கு மேனாட்டார் வழங்கும் தீயிசம் என்பது அதே பொருளுடைய தேயோஸ் என்னுங் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. சொல்லளவில் இரண்டும் ஒன்றே, பொருளளவில் நெடுந்தூரம். இக்கட்டுரையில் டீயிசத்தை வாளாவிறைக் கொள்கை என வழங்குவோம்.

இக்கொள்கையாளரை இழித்துரைத்தல் எம் கருத்தன்று. இங்கிலாந்தில் இதற்கு வித்திட்டவராகக் கூறப்படும் செர்பரிப் பிரபு எர்பர்ட்டு என்பவர் 1624-இல் வெளியிட்ட நூலில், எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாகிய உண்மைகள் ஐந்தென வகுத்தார்: கடவுள் உளர், அவர் வழிபடத்தக்கவர், நல்லொழுக்கமே வழிபாட்டிற் சிறந்த பகுதி, பாவத்துக்கு இரங்கித் திருந்துதல் வேண்டும், மறுமையில் நன்மை தீமைகளுக்குப் பயனுண்டு. இவற்றுள் எதனை நாம் மறுப்போம்? சமயப் போர்களால் ஐரோப்பா குருதியில் ஆழ்ந்திருந்த காலத்தில், சண்டைக்கு இடமில்லாத ஒரு சமயத்தை நாடிய நல்லெண்ணம் அது. பின்வந்தோரே வழிபாட்டையும் மறுமையையும் ஒவ்வொன்றாகக் கழித்தனர். அமெரிக்கக் குடியரசின் தலைவராயிருந்த செபர்சன், விவிலியத்தின் சுவிசேடங்களிலிருந்து அற்புதங்களை விலக்கி அறவுரைப் பகுதிகளை மாத்திரம் கத்தியால் வெட்டியெடுத்து ஒட்டி, 1820-ஆம் ஆண்டளவில் தமக்கென ஒரு நூல் அமைத்துக்கொண்டார். தாமசு பெயின் என்பவர் 1794-இல் தமது நூலை வெளியிட்டது பிரான்சிற் பரவிய நாத்திகத்தைத் தடுத்தற்பொருட்டு. தம்மவராலோ நாத்திகர் என்றே தூற்றப்பட்டார். ஆசிரியன்மார் இதனைக் கருத்தில் வைத்தல் நன்று. வாளாவிறைக் கொள்கையாளன் நாத்திகன் அல்லன். அவனை அங்ஙனம் ஏசுதல் வழக்கறியாமையாம்.

இக்கொள்கையின் வலிமையும் மெலிவும் ஒருங்கே வெளிப்பட்ட ஒரு வாதம் உண்டு. 1715, 1716-ஆம் ஆண்டுகளில் செருமானிய தத்துவ அறிஞர் இலைபுனிட்சு என்பவரும், நியூட்டனுடைய பக்கம் நின்ற கிளார்க்கு என்பவரும் கடிதவாயிலாக வாதிட்டனர். கோள்களின் ஒழுங்கு காலத்தாற் பிறழும், அதனை இறைவன் திருத்தவேண்டியிருக்கும் என நியூட்டன் கருதியிருந்தார். இலைபுனிட்சு இதனை எள்ளினார்: இடையிடையே முறுக்கேற்றவும் பழுதுபார்க்கவும் வேண்டிய கடிகாரத்தைச் செய்தவன் திறமையற்ற தொழிலாளனல்லனோ என்பது அவர் வினா. கிளார்க்கின் விடை ஆழமானது. அரசன் இல்லாமலே எல்லாம் ஒழுங்காக நடக்கும் இராச்சியமொன்று உண்டாயின், அங்கே அவன் பெயரளவில் அரசன். அத்தகைய அரசனை நீக்கிவிடலாம் என்று ஒருவன் நாளைக்குச் சொல்வான். கடவுளின்றியே உலகம் இயங்குமென்பாரும் அவ்வழியே செல்கின்றார் என்பது அதன் சாரம். பிற்காலத்தில் இலாபிலாசு என்னும் பிரெஞ்சுக் கணிதர், நியூட்டன் அஞ்சிய பிறழ்வுகளுட் பல தாமே மீளுந் தன்மையன எனக் காட்டினார். திருத்துதற்கு மாத்திரம் கடவுளை வைத்திருந்தோர்க்கு அவருக்குரிய வேலை அப்பொழுதே குறைந்தது. ஆகவே, அறிவியல் இன்னும் விளக்காத இடங்களிற் கடவுளை இருத்திக் காட்டும் வழக்கத்தை நம் ஆசிரியன்மார் அறவே கைவிடுதல் வேண்டும். விளக்கம் பெருகப் பெருகக் கடவுளுக்கு இடம் சுருங்கும் பாடம் அது.

எம் மாணாக்கனுடைய வினாவும் புதியதன்று. 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், கிறித்தவர்கள் புனிதர் அனைவரையும் நினைந்து கொண்டாடும் திருநாட் காலையில், போர்த்துக்கலின் தலைநகராகிய லிசுபன் நில நடுக்கத்தால் இடிந்தது. கோவில்களில் மக்கள் நிறைந்திருந்தனர். நடுக்கத்தின்பின் கடல் பொங்கி ஏறிற்று. எஞ்சியதைத் தீ உண்டது. திருநாளும் காலைவேளையும் கடலும் எமக்கு நேர்ந்ததை ஒத்திருத்தலை நோக்குக. வாளாவிறைக் கொள்கையாளராகிய வோல்டயர் 1756-இல் இதுபற்றி ஒரு நெடும்பாட்டு வெளியிட்டு, உள்ளவை யாவும் நன்மைக்கே என்று அமைதிகூறிய தத்துவர்களைக் கண்டித்தார். கடவுள் உண்டென்பதை அவர் விடவில்லை. அக்கடவுளை அழைத்தற்கும் நொந்துகொள்ளுதற்கும் தமது கொள்கையில் வழியின்மையே அவரை வருத்திற்றுப் போலும். ரூசோ அதே ஆண்டில் அவருக்கு விடையெழுதினார். ஆறேழு மாடங்கொண்ட வீடுகளை ஆயிரக்கணக்கில் அவ்விடத்தில் நெருக்கி எழுப்பியது இயற்கையன்று, மனிதரே என்பது அவர் சுட்டிய பொருள்களுள் ஒன்று. இஃது எமக்கும் பொருந்தும். 2004-இல் பசிபிக் கடலுக்கு அலை எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது, இந்துமாகடலுக்கு இருக்கவில்லை. இரண்டு மணி நேரம் எம்மிடம் இருந்தது, செய்தி இல்லை. இயற்கை விதிகளைக் கற்று உயிர் காக்கவேண்டும் என்று வாளாவிறைக் கொள்கையாளன் சொல்லும்பொழுது, ஆத்திகன் அவனோடு உடன்பட வேண்டியவனேயன்றிச் சினக்க வேண்டியவனல்லன்.

பாரத நாட்டிலும் இக்கொள்கை ஒருமுறை வந்து சென்றது. இராசா இராம்மோகன் ராயர் இளமையிற் பாரசீக மொழியில் எழுதி 1803, 1804-ஆம் ஆண்டளவில் வெளிவந்த நூலில், அற்புதங்களையும் குருமாரையும் விலக்கி, எல்லாச் சமயத்தும் பொதுவாகிய ஒரு கருத்தாவை மாத்திரம் நிறுவினார். ஏறக்குறைய எர்பர்ட்டுப் பிரபுவின் வழியே அது. ஆனால் 1828-இல் அவர் கல்கத்தாவிற் பிரம சபையைத் தொடங்கியபொழுது, அங்கே வேதம் ஓதப்பட்டது, பாட்டுப் பாடப்பட்டது. அவர் தாமே பாடல்கள் இயற்றினார். அவர் வழிவந்த கேசவ சந்திர சேனர் 1864-இற் சென்னைக்கு வந்ததன் பயனாக அங்கே வேத சமாசம் தோன்றிற்று. அது 1871-இல் தென்னிந்தியப் பிரம சமாசம் ஆயிற்று. அக்கேசவரே சில ஆண்டுகளில் வைணவர் முறையிற் கீர்த்தனம் பாடிக்கொண்டு வீதியிற் சென்றார். பாடத் தொடங்கியவனுக்குக் கேட்பவன் வேண்டும். வாளாவிருக்கும் இறைவனை எவ்வளவு மதித்தாலும் அவனை நோக்கிப் பாட இயலாது; பாடினால் அவன் வாளாவிருப்பவன் அல்லன் என்று ஒப்புக்கொண்டதாகும். எமது மாணாக்கன் இதனைத்தான் ஒரே வாக்கியத்திற் கேட்டான்.

இனி, சைவ சித்தாந்தம் இதனை எவ்வாறு நோக்குகின்றது? பன்னிரண்டு சூத்திரங்களாகிய சிவஞானபோதத்தின் முதற்சூத்திரம் உலகத்துக்குக் கருத்தா உண்டென நிறுவுகின்றது. நாம் குயவனைக் காட்டி நடத்தும் பாடம் இதனைச் சார்ந்ததே. ஆனால் ஒன்றை நாம் விட்டுவிடுகின்றோம். மெய்கண்டார் தோற்றத்தை முதலாகக் கொள்ளாது ஒடுக்கத்தை முதலாகக் கொண்டு, யாதினிடத்து உலகம் ஒடுங்கிற்றோ அதினின்றே மீளத் தோன்றும் என்கின்றார். கடிகாரத்தைச் செய்து விற்றுவிட்டுச் சென்றவன் அது நிற்கும் நாளில் அருகில் இரான். ஒடுக்குபவனாகிய கருத்தாவோ சென்றுவிட இயலாதவன். யாவும் ஒடுங்கியபின்னும் எஞ்சி நிற்பவன் அவனே. இரண்டாஞ் சூத்திரம் இன்னும் நெருங்கிச் செல்லும். இறைவன் உயிர்களோடு கலப்பால் ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், செலுத்துதலால் உடனாயும் நிற்கின்றான். வினைக்கு ஈடாக உயிர்கள் பிறந்து இறந்து வருதலும் அவனது ஆணையாகிய சத்தியாலே நிகழும் என்கின்றது. முதற்சூத்திரத்தின் ஒரு பாதிக்கு வாளாவிறைக் கொள்கையாளனும் கையெழுத்திடுவான். இரண்டாஞ் சூத்திரத்திலேதான் அவனும் நாமும் பிரிகின்றோம். நியாய நூலாராகிய உதயனரும், ஈசுவரன் உண்டென்பதற்குக் காரியத்தை மாத்திரம் ஏதுவாக்காது, உலகம் வீழாமல் தாங்கப்படுதலையும் தனியேதுவாக எண்ணியமை ஈண்டு நினைக்கத்தக்கது.

ஐந்தொழிலை வைத்துப் பார்ப்பின் இது பிள்ளைகளுக்கும் எளிதில் விளங்கும். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தனுள் வாளாவிறைக் கொள்கை முதலாவதை ஏற்று ஏனைய நான்கையும் விடுகின்றது. நாத்திகம் ஐந்தையும் விடுகின்றது. ஆகவே வாளாவிறைக் கொள்கை இரண்டுக்கும் நடுவிலுள்ள வழி என்று பலரும் கருதுவது பொருந்தாது. ஐந்தில் நான்கு தொழில்களில் அது நாத்திகத்தோடு ஒருங்கே நிற்கின்றது.

கூர்மையுள்ள மாணாக்கன் இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பக்கூடும். இறைவன் சந்நிதி மாத்திரத்தால் தொழில் செய்கின்றான், சூரியன் முன்னிலையில் ஒரு தாமரை மலரவும் ஒன்று மலரும் பருவம் எய்தவும் ஒன்று வாடவும் காண்கின்றோம் என்று சித்தாந்த நூல்களே கூறுகின்றனவே. தாமரையைப்பற்றிச் சூரியனுக்கு யாது கவலை? இதுவும் வாளாவிருத்தல் அன்றோ? தடை வலியதே. அவ்வுவமை எதன்பொருட்டு எடுக்கப்பட்டதோ அதனளவில் நிறுத்திக்கொள்ளல் வேண்டும். தொழில் செய்தும் இறைவன் விகாரப்படான் என்பதே அதன் கருத்து. அவனுக்கு உயிர்கள்மேற் கருத்தில்லை என்பதன்று. அன்றியும், கடிகாரஞ் செய்தவன் இறந்தபின்னும் கடிகாரம் ஓடும். சூரியன் மறைந்தபின் எத்தாமரையும் மலராது. முதலாவதிற் கருத்தா ஒரு காலத்தில் வேண்டியவன். இரண்டாவதில் ஒவ்வொரு கணமும் வேண்டியவன். இறைவனது விகாரமின்மையையே தனித்து வற்புறுத்திய ஈசுவர அவிகாரவாதம் அகச்சமயங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டும், உமாபதி சிவனார் 1313-இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் அதனை மறுத்தே செல்கின்றார்.

சூரியனிலும் சிறந்த உவமை பதினோராஞ் சூத்திரத்தில் உள்ளது. கண் தானே காணாது. உயிர் உடனின்று காட்டக் காணும். அதுபோல உயிரும் தானே அறியாது; இறைவன் காட்டவும் உடன்கண்டும் நிற்க அறியும். இது கடிகார உவமைக்கு எட்டாத இடம். மேனாட்டு வாதம் முழுவதும் வெளியுலகத்தைப்பற்றியது: கோள் எவ்வாறு சுழல்கின்றது, அதற்கு ஒருவன் வேண்டுமோ வேண்டாவோ என்பது. சித்தாந்தம் அறிகின்ற அறிவினுள்ளேயே அவன் துணையைக் காட்டுகின்றது. ஆதலின் வானநூலும் நிலநூலும் எவ்வளவு வளர்ந்தாலும் சைவனுக்கு நட்டமில்லை. இயற்கைக் காரணங்களை அவன் மறுப்பதுமில்லை. மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணம் என்று மண்ணையும் சக்கரத்தையும் குயவனையும் வேறுவேறு வைத்தே பேசுகின்றான்.

எம் அயலவராகிய முஸ்லிம்களும் இவ்விடயத்தில் எம்முடனே நிற்கின்றனர். இமாம் கஸ்ஸாலி (1058–1111), பஞ்சைத் தீயே தன் ஆற்றலால் எரிக்கின்றதென்பதை மறுத்து, எரித்தல் இறைவன் செயலே என வாதிட்டார். எம்மினும் ஒருபடி மேற்சென்றவர் அவர். கல்முனையிலும் திருக்கோவிலிலும் அன்று மையித்துகளையும் சவங்களையும் தேடியெடுத்தோர், கொள்கை பலவாயினும், வாளாவிருக்கும் இறைவனை நம்பினோரல்லர்.

நாத்திகத்தைப்பற்றி விரிவு வேண்டா. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் முதற்கண் எடுத்து மறுப்பது உலகாயதத்தையே. அதே பரபக்கத்தில் ஈசுவரனைக் கொள்ளாத சாங்கியரும் மீமாஞ்சகரும் பௌத்தரும் இடம்பெறுகின்றனர். இறைவனைக் கொள்ளாதார் யாவரும் ஒழுக்கங் கொள்ளாதாரல்லர் என்பதற்கு அவ்வரிசையே சான்று. 1882 முதல் 1888 வரை சென்னையில் நடந்த தத்துவ விவேசினி என்னும் பத்திரிகையும், 1960-இல் இலங்கையிற் பகுத்தறிவாளர் சங்கத்தை நிறுவிய ஆபிரகாம் கோவூரும் மூடவழக்கங்களைக் கண்டித்ததில் நாம் கற்கத்தக்கனவும் உள. நாத்திகன் குறைந்தபட்சம் அம்மாணாக்கனுடைய வினாவை ஒளியாது எதிர்கொள்கின்றான்; யாம் கூறிய விடை அதுதானும் செய்யவில்லை.

ஆத்திகனுக்குக் கடினமாவது இதன் பின்னரே. உடனிருப்பவன் ஏன் தடுக்கவில்லை? வினை என்பது எம் நூல்களின் விடை. அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் தாயை இழந்த பிள்ளையிடம் உன் தாயின் வினை அது என்று கூறும் ஆசிரியன் வினைக்கொள்கையைப் பிழைபடப் பயன்படுத்துகின்றான். ஒருவன் தன் துன்பத்தைத் தாங்குதற்கு அதனை ஊன்றிக்கொள்ளலாம். பிறன் துன்பத்தை அளத்தற்கு அது கருவியன்று. இன்னார்க்கு இன்ன வினை என்று காணும் கண் நமக்கு இல்லை. மறைத்தல் என்று ஒரு தொழிலை நம் ஆசிரியர் தனியே வைத்தது இதுபற்றியும் ஆம் என எமக்குத் தோன்றுகின்றது. அவன் உடனிருப்பது தெரியாதபடி உடனிருக்குங் காலமும் ஒன்றுண்டு. அதுவும் அவன் தொழிலே. வாளாவிருத்தலும் மறைந்து நிற்றலும் வெளியிலிருந்து பார்ப்பார்க்கு ஒன்றுபோலத் தோன்றும். உள்ளிருந்து துன்புறுவானுக்கு அவற்றின் வேறுபாடு மிகப் பெரிது. மறைந்து நிற்பவனை ஏன் மறைந்தாய் என்று கேட்கலாம். தேவாரம் பாடியோர் கேட்டனர், நொந்துகொண்டனர், வழக்குமிட்டனர். வாளாவிருப்பவனிடம் கேட்பதற்கே யாதுமில்லை.

பாடம் நடத்தும் முறைபற்றி ஒரு சொல். கீழ்வகுப்புகளிற் குயவன் உவமையை விடவேண்டியதில்லை. ஆனால் அதனோடு நில்லாமல், அடுத்த பாடத்திலேயே கண்ணும் உயிரும் என்னும் உவமையைச் சேர்த்து நடத்துக. படைத்தார் என்று இறந்தகாலத்தில் மாத்திரம் சொல்லிப் பழக்காமல், காக்கின்றார், காட்டுகின்றார் என்று நிகழ்காலத்திலும் சொல்லிப் பழக்குக. மேல்வகுப்பில் வாளாவிறைக் கொள்கையைப் பெயர்கூறியே கற்பிக்கலாம். மாணாக்கர் வெளியுலகிற் படித்தோரிடையே மிகுதியாகச் சந்திக்கப்போவது வெளிப்படையான நாத்திகத்தையன்று, இதனையே. ஏதோ ஒரு சத்தி இருக்கின்றது என்று கூறி நிறுத்திக்கொள்வார் எத்தனைபேர்!

அம்மாணாக்கனுக்கு யாம் மறுநாள் விடை சொன்னோம். நேற்றுச் சொன்னது பிழை என்று வகுப்பின்முன் ஒப்புக்கொண்டோம். கடவுள் அங்கிருந்தார் என்று நம் சமயம் கூறுகின்றது, ஏன் தடுக்கவில்லை என்பது எமக்குத் தெரியாது, அதனை அவரிடமே கேட்கலாம், கேட்பதும் கும்பிடுதலே என்றோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பின்னொரு ஆண்டு ஆடியமாவாசையன்று, திருக்கோவிற் சித்திரவேலாயுதர் தீர்த்தமாடும் அதே கடலில், தன் அன்னைக்கு நீர்க்கடன் செய்தற்காகத் தந்தையோடு இடுப்பளவு நீரில் அவன் நிற்கக் கண்டோம்.